பரமண்டலமும் பரமபதமும்

அயலூரில் குடியேறி வாழும் நம்மனோரிடம் "உங்கள் ஊர் எது?" என்று எவரேனும் வினவினால் விடை உடனே வருவதில்லை. குடும்ப அட்டையில் மைசூர் என்றிருக்கும். உள்ளத்திலோ தாமிரபரணிக் கரையோ, காவிரிக் கரையோ, கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றோ இருக்கும். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எங்களுக்கு இவ்வினா பழகிய ஒன்று. புறப்படும் நிலையமும் சேரும் நிலையமும் குறிக்கப்படாத பயணச்சீட்டை நாங்கள் கண்டதில்லை. மனித வாழ்வுக்கும் அவ்வாறே சேருமிடம் ஒன்று உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்னும் வினாவுக்குச் சமயங்கள் யாவும் விடை கூற முற்பட்டுள்ளன. அவற்றுள் கிறிஸ்தவ மறை கூறும் விடை யாது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது மேல்கோட்டை மலை. மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரம் வட்டத்தில் உள்ளது அத்திருத்தலம். சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி அங்குச் சென்றிருந்தோம். கல்யாணி தீர்த்தத்தைக் கண்டு, புகழ்பெற்ற மேல்கோட்டைப் புளியோதரையை உண்டு, யோக நரசிம்மர் குன்றின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தோம். உடன் வந்த மூத்த அன்பர் ஒருவர், வைணவ நெறியில் ஊறியவர், இடைப்படியில் அமர்ந்து, "தம்பி, எங்களுக்குப் பரமபதம் உண்டு. அதன் வழி இன்னது, வாசல் இன்னது என்று பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். உங்கள் வேதத்தில் மோட்சத்தைப் பற்றி என்னதான் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டார். "ஐயா, படியேறும் மூச்சில் சொல்லி முடியாது, நம் இதழில் எழுதித் தருகிறோம்" என்று விடை பகர்ந்தோம்.

அன்பர் கேட்ட இடமும் அவ்வினாவுக்கு மிகப் பொருத்தமானதே. மேல்கோட்டையை இன்றைய நிலைக்கு உயர்த்தியவர் நம்மைப் போல் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். திருப்பெரும்புதூரில் 1017ஆம் ஆண்டில் தோன்றியவர் என்று மரபு கூறும் இராமாநுசர், சோழ மன்னன் ஒருவனால் நேர்ந்த இடரின் காரணமாகத் திருவரங்கத்தை விட்டு நீங்கிப் போசள நாட்டுக்கு வந்தார் என்றும், ஏறத்தாழ 12 ஆண்டுகள் இப்பகுதியில் தங்கினார் என்றும் வைணவ வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அவருடன் வந்தோர், பின்னர் வந்தோர் ஆகியோரின் வழியினர் இன்றும் வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசுகின்றனர். திருநாராயணபுரம் என்னும் தமிழ்ப் பெயரையும் இவ்வூர் தாங்கி நிற்கின்றது.

வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் 106 இந்நிலவுலகில் உள்ளன. திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுலகுக்கு அப்பாற்பட்டவை. வீடுபேற்று நாட்டையும் தரிசிக்கத்தக்க ஊர்களின் வரிசையில் ஒன்றாக வைத்து எண்ணியது அவர்தம் நெறியின் அழகு. உயிர் உடலை நீத்து, ஒளியும் பகலும் வளர்பிறையும் முதலாகிய தேவர்கள் வழிகாட்ட, விரசை என்னும் ஆற்றைக் கடந்து வைகுந்தம் புகும் என்று அந்நெறி கற்பிக்கின்றது. இவ்வழியை அர்ச்சிராதி மார்க்கம் என்பர். வைகுண்ட ஏகாதசி இரவில் நம் வீடுகளில் ஆடும் பரமபத விளையாட்டும் இதனையே சிறுவர்க்கு உணர்த்துவது. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் வீழ்ந்து இறங்குவதும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அறிந்ததே.

இனிக் கிறிஸ்தவ மறையின் பக்கம் வருவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் வெளிவந்தது. அவரும் அவர்க்குப் பின் வந்தோரும் விண்ணுலகைக் குறிக்கப் புதுச்சொல் படைத்து இடர்ப்படவில்லை. நம் மக்கள் நாவில் வழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டனர். பரலோகம், பரமண்டலம், மோட்சம் என்பன அவ்வாறு வந்தவை. பரமபதத்தின் முன்னிற்கும் சொல்லே பரமண்டலத்தின் முன்னும் நிற்பதைக் காண்க. சொல் ஒன்றாயினும் பொருள் எங்கு ஒன்றுபடுகிறது, எங்கு வேறுபடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

விவிலியம் ஒரே காலத்தில் ஒருவரால் எழுதப்பட்ட நூலன்று. அதன் பழைய ஏற்பாட்டில் வானம் என்பது கண்ணுக்குத் தெரியும் விசும்பையும் இறைவன் வீற்றிருக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். இறந்தோர் செல்லுமிடத்தைப் பற்றி அது விரித்துரைப்பதில்லை. பாதாளம் என்னும் நிழல் உலகைப் பற்றியே பல இடங்களில் பேசுகின்றது. மண்ணில் துயில்வோர் விழித்தெழுவர் என்னும் நம்பிக்கை தானியேல் நூலின் இறுதியில் தெளிவாக ஒலிக்கின்றது. இதனால் அக்காலத்துப் பக்தர்கள் வானுலகப் பயனைக் கருதியே இறைவனைத் தொழுதனர் என்று கூறல் இயலாது.

இயேசுபிரான் பரலோகத்தைப் பற்றி மிகுதியாகப் பேசினார். ஆயினும் அதன் வரைபடத்தை அவர் தரவில்லை. கடுகு விதை, புளித்த மா, நிலத்தில் புதைந்த புதையல், கடலில் வீசிய வலை என்று அன்றாட வாழ்விலிருந்து உவமைகளை எடுத்தார். மத்தேயு நற்செய்தியில் பரலோக இராச்சியம் என்று வருவது, மாற்கு, லூக்கா நூல்களில் தேவனுடைய இராச்சியம் என்று வருகின்றது. ஆகவே அது இறந்தபின் சேரும் இடம் மட்டுமன்று. இறைவன் திருவுளம் நிறைவேறும் ஆட்சியே அது. அவ்வாட்சி இம்மண்ணிலேயே விதையாக விழுந்து முளைக்கத் தொடங்கிவிட்டது என்பது அவர் போதனை. அதே வேளையில், தந்தையின் வீட்டில் தங்குமிடங்கள் பல உண்டென்றும், தாம் முன்சென்று இடத்தை ஆயத்தம் செய்வதாகவும் தம் சீடர்க்கு உறுதி கூறினார். தம்முடன் சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கும் அன்றே பரதீசில் இடம் உண்டென்றார். அம்மனிதனுக்கு நற்செயல் புரிய எஞ்சிய நேரம் இல்லை. நம்பி வேண்டிக்கொண்டதே அவன் செய்தது.

இவ்விடத்தில் இரு நெறிகளும் நெருங்கி வருகின்றன. தன் முயற்சியால் அன்று, இறைவன் அருளால் அவன் திருவடியைச் சேர்தல் என்பதே வைணவர் கூறும் சரணாகதி. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் உயிரும் முயல வேண்டுமா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டிபோல் வாளா இருந்தால் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வழக்காடினர். விசுவாசம் மட்டும் போதுமா, செயலும் வேண்டுமா என்று கிறிஸ்தவத் திருச்சபைகளும் அவ்வாறே வழக்காடியுள்ளன.

வேறுபாடுகளையும் மறைக்காமல் கூறுதல் கடமை. வைணவ நெறியில் உயிர் பல பிறவிகள் எடுத்து உழன்று இறுதியில் விடுதலை பெறும். கிறிஸ்தவ மறையோ ஒரு பிறவி, ஒரு சாவு, அதன்பின் தீர்ப்பு என்கின்றது. வைணவர் இவ்வுடலை நீத்து வைகுந்தம் புகுவர். கிறிஸ்தவரோ உடலும் உயிர்த்தெழும் என்று நம்புகின்றனர். விதைப்பது ஒரு வடிவம், முளைத்து வருவது வேறொரு வடிவம். ஆயினும் பயிர் அவ்விதையினதே என்று பவுல் அடிகள் கொரிந்தியர்க்கு விளக்கினார். அவர் கூடாரம் செய்யும் தொழிலாளர். ஆதலால் இவ்வுடலைக் கழற்றி மடிக்கும் கூடாரத்துக்கும், வரவிருக்கும் நிலையை இறைவன் கட்டிய நிலையான வீட்டுக்கும் ஒப்பிட்டார். மறையின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தலில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதன் முடிவில் மக்கள் மேலே ஏறிச் செல்வதாகக் காட்டப்படவில்லை. புதிய எருசலேம் என்னும் நகரமே வானிலிருந்து இறங்கி வருகின்றது. இறைவன் மக்களிடையே குடியிருக்க வருகின்றார். மண்ணை வெறுத்து விண்ணுக்கு ஓடிவிடுதலே மோட்சம் என்று எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் நன்று.

திருச்சபைகளுக்குள்ளும் கருத்து வேறுபாடுகள் உண்டு. கத்தோலிக்கர், இறந்தோர் தூய்மை பெறும் உத்தரிக்கும் நிலை ஒன்று உண்டென்று கொண்டு, நவம்பர் 2ஆம் நாள் அவர்களுக்காக மன்றாடுகின்றனர். சீர்திருத்தச் சபையார் அதனை ஏற்பதில்லை. ஆயினும் கல்லறையைக் கழுவி மலரிட்டு மெழுகுவத்தி ஏற்றுதலில் நம் தமிழ்க் கிறிஸ்தவர் பலரும் ஒன்றுபட்டு நிற்கின்றனர்.

இச்செய்திகள் யாவும் எங்களுக்கு ஏட்டளவில் நின்றிருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் மைசூரில் வாழ்ந்துவந்த எங்கள் அம்மா காலமானபோதுதான் அவை உயிர்பெற்றன. எங்கள் அப்பாவின் கல்லறை திருநெல்வேலிச் சீமையில், எங்கள் சிற்றூர்க் கோயில் தோட்டத்தில் உள்ளது. செய்தி அறிந்த அண்ணன் தொலைபேசியில், "தம்பி, அம்மாவை இங்கே கொண்டுவந்துவிடு. அப்பா பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறது" என்றார். அம்மாவோ, "பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் ஊரிலேயே என்னை வையுங்கள்" என்று பன்முறை கூறியிருந்தார். தாயின் சொல்லுக்கும் தமையனின் சொல்லுக்கும் இடையில் ஓர் இரவு முழுதும் உறங்காது இருந்தோம். எட்டு வயது மகன் அருகில் வந்து, "அப்பா, ஆச்சி ஊருக்குப் போகாமல் மோட்சத்துக்கு எப்படிப் போவார்கள்?" என்று கேட்டான். பெரியவர்கள் வாய்விட்டுக் கேளாத வினா அது.

அவ்விரவில் விவிலியத்தைப் புரட்டியபோது, இவ்வழக்கு மிகப் பழையது என்று கண்டோம். ஆபிரகாம் தம் ஊரை விட்டு, போகுமிடம் அறியாது புறப்பட்டவர். வாக்களிக்கப்பட்ட நாட்டிலும் கூடாரத்தில் வாழ்ந்தவர். மனைவி சாராள் இறந்தபோது, தாம் அந்நியனும் வழிப்போக்கனும் என்று அவ்வூராரிடம் கூறி, 400 சேக்கல் வெள்ளி கொடுத்துக் கல்லறை நிலம் வாங்கினார். வந்த நாட்டில் அவர் வாங்கிய முதல் நிலம் அதுவேயென்று ஆதியாகமம் காட்டுகின்றது. யாக்கோபோ எகிப்தில் இறந்தபோது, தம்மைத் தம் முன்னோர் பக்கத்தில் அடக்குமாறு ஆணையிட்டார்; மக்கள் சுமந்து சென்றனர். யோசேப்பின் எலும்புகளும் எகிப்தைவிட்டுச் சென்ற மக்களோடு பயணம் செய்து, இறுதியில் சீகேமில் அடக்கமாயின. மோசேக்கோ அடையவிருந்த நாட்டுக்கு வெளியே மோவாபில் அடக்கம். அவர் கல்லறையை ஒருவரும் அறியார். இந்நால்வருள் ஒருவருடைய அடக்கத்தையும் மறை குறை கூறவில்லை. இங்கே அடக்குதலும் நம்பிக்கையே. ஊருக்குக் கொண்டுசெல்லுதலும் நம்பிக்கையே. சாவைக் கடந்த நகரமொன்று உண்டென்று நம்பியதால், எந்த மண்ணிலும் அவர்கள் அமைதியாகத் துயில முடிந்தது என்று எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விளக்குகின்றது.

மகனுக்கு, "எல்லா ஊரிலிருந்தும் அங்கே வழி உண்டு, கண்ணே" என்று விடை கூறினோம். அம்மாவை மைசூரிலேயே அடக்கம் செய்தோம். அண்ணன் மறுநாள் வந்து சேர்ந்து தம் கையால் மண் இட்டார். புறப்படும்போது கல்லறை மண்ணில் ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்து அப்பாவிடம் கொண்டுசென்றார். ஓராண்டு காலம் அவர் பேச்சில் முன்போன்ற இனிமை இல்லை. இப்போது ஆண்டுதோறும் வந்து போகின்றார். பிரிந்தோரை மீண்டும் காண்போம் என்னும் வாக்கைக் கொண்டு ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதியதன் பொருளை நாங்கள் இருவரும் அக்கல்லறையின் அருகில் நின்றே கற்றோம்.

பிரிவின் துயரை மேல்கோட்டையும் அறியும். இராமாநுசர் திருவரங்கம் திரும்பப் புறப்பட்டபோது ஆற்றாது வருந்திய அடியார்க்கு ஆறுதலாக அவர் உருவில் ஒரு திருமேனி அமைக்கப்பட்டது என்பர். அதனைத் தமர் உகந்த திருமேனி என்று அழைக்கின்றனர். தமர் என்றால் தம்மைச் சேர்ந்தவர். வந்த ஊரில் அவருக்குத் தமர் பெருகியிருந்தனர்.

அவ்வூரில் யார்க்கு வாசல் திறந்தது என்பதும் நாம் எண்ணத்தக்கது. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் தமக்குத் துணைபுரிந்தமையால், இராமாநுசர் அவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் மூன்று நாள் கோயிலுள் வரும் உரிமை அளித்தார் என்பது மரபு. திருக்கோட்டியூரில் மறைபொருளாகக் கற்ற திருமந்திரத்தைக் கோபுரத்தின் மேல் நின்று யாவர்க்கும் கூறினார் என்பதும், பலர் வீடுபெறின் தாம் ஒருவர் நரகம் புகுவதும் தக்கதே என்றார் என்பதும் நாம் சிறுவயதில் கேட்ட கதை. எனினும் அம்மூன்று நாள் உரிமை ஆண்டு முழுதும் எல்லார்க்கும் உரியதாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

இதில் கிறிஸ்தவர் பெருமை பேச இடமில்லை. வெளிப்படுத்தல் நூலின் நகருக்கு நாற்றிசையிலும் மும்மூன்றாகப் 12 வாயில்கள் உண்டு; அவை ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. அந்நூலைப் படித்த மக்களே திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து தொழுதனர். அவ்வாலயத்தின் தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடைக்கப்படாத வாயிலை நம்புவோர் சுவர் எழுப்பினால், நம்பிக்கை நாவளவில் நின்றதென்பதே பொருள்.

இரு நெறிகளையும் உள்ளத்தில் தாங்கிய தமிழ்ப் புலவர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பகுதிக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்; கம்பனில் தோய்ந்தவர். 1858இல் கிறிஸ்தவரானார். பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார். அழிவு நகரத்தினின்று புறப்படும் ஒருவன் விண்ணக நகரைச் சேரும் பயணமே அதன் கதை. கிறிஸ்தவ மோட்சத்தைப் பாட வந்த அவர், தாம் வளர்ந்த வைணவத் தமிழைக் கைவிடவில்லை. பயணம் மாறினும் தாய்மொழி உடன் சென்றது.

மொழியைப் பற்றி நம் சங்கத்தார் மகிழத்தக்க குறிப்பொன்றும் மறையில் உண்டு. விண்ணகத்தில் கூடிநிற்கும் எண்ணற்ற மக்கள், எல்லா நாட்டினரும் எல்லாக் குலத்தினரும் எல்லா மொழியினரும் என்று வெளிப்படுத்தலின் 7ஆம் அதிகாரம் கூறுகின்றது. அங்கு மொழிகள் அழிந்து ஒன்றாகிவிடவில்லை. தமிழும் கன்னடமும் அருகருகே ஒலிக்கும் நாடாகவே அதனை நாங்கள் எண்ணுகின்றோம். மேல்கோட்டையில் அதன் சாயல் இன்றே காணத்தக்கது.

அவ்வாறாயின், அந்நாட்டை நோக்கி வாழ்வோர் இந்நாட்டில் எங்ஙனம் வாழ்தல் வேண்டும்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்ற மக்களுக்கு எரேமியா தீர்க்கர் எழுதிய மடலில் இதற்கு விடை உண்டு. வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலத்தை நாடி அதற்காக மன்றாடுங்கள் என்பது அம்மடலின் கருத்து. ஊர் நினைவையே பேசி, வாழும் ஊரை வாடகை வீடாக மட்டும் எண்ணுவோர்க்கு அது தக்க அறிவுரை. இறுதித் தீர்ப்பைப் பற்றி இயேசுபிரான் கூறியதும் இதனோடு இயைவது. பசித்தவர்க்கு உணவு, ஆடையற்றவர்க்கு ஆடை, நோயுற்றவர்க்குத் துணை, அந்நியர்க்கு இடம் தந்தோமா என்பதே அங்குக் கேட்கப்படும் வினா.

அன்பர்களே! ஒவ்வோர் ஆண்டும் மாற்றலாகிப் புதிய குடும்பங்கள் மைசூருக்கு வந்து இறங்குகின்றன. வாடகைக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, கன்னடத்தில் விண்ணப்பம் எழுதித்தர ஒருவர் என்று அவர்கள் தேடும் தேவைகளை நாம் நன்கறிவோம். துக்கம் நேர்ந்த வீட்டில் அடக்கத்துக்கு இடம் கேட்டு அலைய ஆளின்றித் தவிப்பதையும் கண்டிருக்கின்றோம். இன்ன சாதி, இன்ன சமயம் என்று வினவாது அவ்வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பவர் நம் சங்கத்தாராக இருத்தல் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதற்கென நால்வர் கொண்ட சிறு குழு ஒன்றை அமைக்குமாறு வேண்டுகின்றோம். அதில் எங்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்க.